அத்தியாயம் 9: போகும்போது கிடைக்காத காபி

அதை விமான நிலையம் என்று சொன்னால் மற்ற விமான நிலையங்கள் மானநஷ்ட வழக்குப் போடும். ஒரு தகரக் கூரை, பெட்டி எடை பார்க்க ஒரு தராசு, தூங்கி வழியும் ஒரு மின்விசிறி, காற்றுத் திசை பார்க்க வெளியே கம்பத்தில் கட்டிய ஓர் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய். அவ்வளவுதான் சொத்து. அங்கே சுறுசுறுப்பாக இருந்தது அந்தத் துணிக்குழாய் ஒன்றுதான். காற்றை வயிறு முட்டக் குடித்துவிட்டு, கடலைப் பார்த்து விறைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைச் செய்த புண்ணியவானுக்கு மனித குலத்தின் மேல் ஏதோ தீராத வஞ்சம். அதில் அரை மணி உட்கார்ந்து எழுந்தவர்கள் ஓர் அங்குலம் குட்டையாகித்தான் வீடு போய்ச் சேர்வார்கள்.

துப்பறிவாளர் அதில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார்.

ஊரில் அவருக்குப் பெயர் ‘கொட்டாவி’. அவர் ஒரு கொட்டாவி விட்டால் எதிரே இருப்பவர் விடுவார், அவருக்கு அடுத்தவர் விடுவார், அப்படியே தெருக்கோடி நாய் வரைக்கும் போய்த்தான் அது ஓயும். ஒரு விசாரணையில் இவர் தொடர்ந்து பதினோரு கொட்டாவி விட, எதிரே இருந்த திருடன் பாதித் தூக்கத்தில் உண்மையை உளறிவிட்டான் என்று காவல் நிலையத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். இப்போது மூன்று ராத்திரியாக அவர் கண் மூடவில்லை. கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளைத் தராசில் வைத்திருந்தால் அவற்றுக்குத் தனியாக டிக்கெட் கேட்டிருப்பார்கள்.

பக்கத்தில் அவருடைய உதவியாளன். மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது, மூச்சு விடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேச்சு. ‘குடைச்சல்’ என்று அவனுக்குப் பெயர் வைத்தது கூடப் பிறந்த அக்காவேதான்.

"அத்தான், காபி?"

"கடையே திறக்கல மாப்ளே."

"ப்ளேன்ல குடுப்பாங்க இல்ல?"

"குடுப்பாங்க. மெத்தைக்கடை முதலாளிக்குக் குடுத்திருக்காங்களே. சட்டையில கொட்டிக்கிட்டு வந்திருக்கார்."

"அது போதும் அத்தான். உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

துப்பறிவாளரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. காவலாளியின் மனைவி. புருஷன் காவல் காத்த அதே மெத்தைக்கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பவள். கடை எரிந்த நாளிலிருந்து அவளுடைய தையல் மெஷினும் சும்மா கிடக்கிறது, அவளுடைய புருஷனும் லாக்கப்பில் சும்மா கிடக்கிறார்.

"சார், ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன். மத்தியானம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அதுக்கப்புறம் பெரிய ஜெயிலாம். அங்கல்லாம் அவரால தாங்க முடியாது சார். நெஞ்சு வலிக்காரர்."

"மத்தியானத்துக்குள்ள வந்துடறேம்மா."

"வெறுங்கையோட வந்துடாதீங்க சார்" என்றாள் அவள். கெஞ்சலாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது.

விஷயம் இதுதான். நான்கு நாளைக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில் மெத்தைக்கடை பற்றிக்கொண்டது. பஞ்சு என்றால் கேட்கவா வேண்டும்? அது எரிந்த வெளிச்சத்தில் அடுத்த தெருக்காரர்கள் பொழுது நன்றாக ஏறிவிட்டதென்று நினைத்துத் துணி துவைத்துக் காயப்போட்டார்களாம். புது மெத்தை, பழைய மெத்தை, முதுகு வலிக்கிறது என்று ஒரு விடுதிக்காரர் திருப்பியனுப்பிய வண்டி நிறைய மெத்தை, எல்லாம் சாம்பல்.

தீ பிடித்தது கடைக்கு உள்ளே. ஷட்டர் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி இரண்டே இரண்டு. ஒன்று முதலாளியிடம். இன்னொன்று முதலாளியின் மனைவிக்குத் தம்பி, சரக்கு வாங்குவது முதல் தைத்து அடுக்குவது வரை கடையில் சகலத்தையும் பார்த்துக்கொள்கிற மச்சானிடம்.

முதலாளி அப்போது அக்கரைக்குப் போகும் காலை விமானத்தில் இருந்தார். மச்சான் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். விமானக் கம்பெனியைக் கேட்டதற்கு, ஆமாம், அன்றைக்குக் காலை விமானத்தில் அவர் இருந்தார் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, சாவி வைத்திருந்த இருவரும் சுத்தம். மிச்சமிருந்தவர் சாவியே இல்லாத காவலாளி. அவர் சிகரெட் பிடிப்பார். போலீசுக்கு அது போதாதா? ஜன்னல் இடுக்கில் துண்டு சிகரெட்டைப் போட்டிருப்பார் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

"ரெண்டு சாவியில ஒண்ணு பொய் சொல்லுது மாப்ளே" என்றார் துப்பறிவாளர், ஒரு கொட்டாவிக்கும் இன்னொரு கொட்டாவிக்கும் நடுவே. "முதலாளி அன்னிக்கு என்னென்ன செஞ்சேன்னு சொன்னாரோ, அதையெல்லாம் நாமளும் அப்படியே செய்வோம். எங்கயாவது ஒண்ணு இடிக்கும்."

"இடிக்கிறது எனக்கு இப்பவே இடிக்குது அத்தான். இந்த நாற்காலி."

விமானம் வந்து நின்றது. இறக்கைக்கு ஒரு விசிறியாக இரண்டு விசிறி. முப்பது பேர் உட்காரலாம், குடும்பத்துக்குள் பகை இல்லையென்றால். குடாக்கடலுக்கு இந்தப் பக்கம் இந்த ஊர், அந்தப் பக்கம் அக்கரை. காகம் நேராகப் பறந்தால் இருநூறு கிலோமீட்டர்தான். காரில் போனால் கடலை முழுக்கச் சுற்றிக்கொண்டு ஒரு பகல் பூராவும் ஆகும். ஆள் இறங்கிய பிறகு இடுப்பு தனியாக இன்னொரு வண்டியில் வந்து சேரும். அதனால் அவசரக்காரர்களுக்கெல்லாம் இந்த விமானம்தான். இருக்கையின் முதுகில் செருகியிருந்த கால அட்டவணையில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று அச்சடித்திருந்தது.

"ஒரு மணி நேரம்" என்றான் குடைச்சல், பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு. "ரெண்டு கப் வாங்கிடலாம்."

விமானம் கிளம்பியது. கிளம்பியது என்பதைவிட யாரோ பின்னால் நின்று உதைத்தார்கள் என்பதே பொருத்தம். கடல் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சுருண்டது. துப்பறிவாளர் கண்ணை மூடி, சாய்ந்து, தூக்கத்தின் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். அதற்குள் காது அடைத்துக்கொண்டது.

"பெல்ட் போடுங்க. இறங்கறோம்" என்றபடி வந்தார் விமானப் பணிப்பெண். பல வருடமாக ஒரே கடலைக் கடந்து கடந்து, சிரிப்பைக்கூடத் தேவைக்கு மட்டும் எடுத்துச் செலவழிக்கிறவர்.

"இப்பதானேக்கா ஏறினோம்!" என்று அலறினான் குடைச்சல்.

"ஆமா. இப்ப இறங்கறோம். அக்கான்னு கூப்பிடாதீங்க, எனக்கு ஏற்கெனவே நாலு தம்பிங்க."

"காபி?"

"இறங்கினா கேன்டீன் இருக்கு."

சக்கரம் தரையைத் தொட்டது. துப்பறிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அட்டவணையில் போட்டிருந்த நேரத்தில் பாதிதான் ஆகியிருந்தது. அவருடைய தூக்கம் சட்டென்று கலைந்தது. முதுகு நிமிர்ந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அவர் உயரமாகத் தெரிந்தார்.

"மாப்ளே, காபி குடுக்கல!"

"அதைத்தானே அத்தான் நான் அப்போலேர்ந்து ஒப்பாரி வச்சுக்கிட்டிருக்கேன்!"

இறங்கும் வாசலில் அவர் பணிப்பெண்ணிடம் கேட்டார். "ஏம்மா, என்னிக்காவது குடுப்பீங்களா, இல்ல இன்னிக்குத்தான் இல்லையா?"

"போறப்பவா? ட்ராலியோட கட்டை அவிழ்க்கவே நேரம் இருக்காது சார். இந்தக் காத்து ஆரம்பிச்சு ரெண்டு மாசமாச்சு. போறப்ப ஒரு கப் ஊத்தினதில்ல."

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. அக்கரை விமான நிலையத்தின் தகரக் கூரைக்கடியில் நின்று இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்.

"முதலாளி ப்ளேன்ல ஏறவே இல்ல சார். அவர் பேர்ல வேற யாரோ போயிருக்காங்க. ப்ளேன்ல காபி கொட்டுச்சுன்னாரே, இந்த ப்ளேன்ல போறப்ப காபியே கிடையாது. சட்டைக் கறையை வீட்டுல உக்காந்து அவரே ஊத்திக்கிட்டிருக்கணும். அவரைக் கூட்டிட்டு வந்து உக்கார வையுங்க. அந்த மச்சானையும்தான், அத்தானுக்காகப் பொய் சொன்னதுக்கு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. இன்ஸ்பெக்டருக்கும் தூங்கிப் பல நாளாகியிருக்க வேண்டும். "பெரிய மனுஷன் சார் அவர். கூட்டிட்டு வந்து உக்கார வச்சப்புறம் இல்லேன்னு ஆச்சுன்னா நான் தலை நிமிர முடியாது."

"ஆகாது."

ஆகாது என்று சொன்ன வாய் மூடுவதற்குள், கேன்டீன் பூட்டியிருக்கிறது என்ற செய்தியோடு வந்தான் குடைச்சல். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவன்கூட அப்படி ஒரு முகத்தோடு வரமாட்டான்.

அதே விமானம், அதே பணிப்பெண். திரும்புகிற பயணம். இந்த முறை விமானம் கிளம்பியது தெரிந்தது; நகர்கிறதா என்பதுதான் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் கூடவே வந்தது. குடைச்சல் அதற்குப் பெயரே வைத்துவிட்டான். கீழே ஒரு மீன்பிடிப் படகு இவர்களை முந்திக்கொண்டு போனதாக அவன் சத்தியம் செய்தான். துப்பறிவாளருக்குக் கண் சொக்கியது. வழக்கு முடிந்தது, மத்தியானத்துக்குள் காவலாளி வெளியே வந்துவிடுவார், சாயங்காலம் ஒரு தூக்கம், மறுநாளும் ஒரு தூக்கம் என்று அவர் மனதுக்குள் மெத்தை விரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு கரகர சத்தம் கேட்டது.

ட்ராலி.

"காபி?" என்றார் பணிப்பெண்.

"அக்கா!" என்று கும்பிட்டான் குடைச்சல்.

துப்பறிவாளரின் கொட்டாவி பாதியில் நின்றது. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. குடைச்சலின் கப்பிலிருந்து அரைவாசிக் காபி எழும்பி, அவனுடைய சட்டையில், சரியாக மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மெத்தைக்கடை முதலாளியின் சட்டையிலும் கறை அதே இடத்தில்தான்.

"காபி கிடையாதுன்னு சொன்னீங்களேம்மா" என்றார் அவர், குரல் உள்ளே போய்.

"போறப்ப கிடையாது. வர்றப்ப உண்டு."

"ஒரே தூரம்தானே?"

"தூரம் ஒண்ணுதான் சார். காத்து ஒண்ணா? இந்த மாசத்துல காத்து எப்பவும் நம்ம ஊர்லேர்ந்து அக்கரைக்குத்தான் அடிக்கும். போறப்ப முதுகுல கை வச்சுத் தள்ளும், அரை மணியில கொண்டுபோய்ப் போட்டுடும். வர்றப்ப அதே காத்து சட்டையைப் புடிச்சு இழுக்கும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம். ட்ராலியைக் கட்டவிழ்த்து, ஊத்திக் குடுத்து, கப்பைத் திரும்ப வாங்கி, மறுபடி கட்டி வைக்கிறதுக்கு அப்பதான் நேரம் கிடைக்கும்."

"அட்டவணையில ரெண்டுக்கும் ஒரு மணின்னுதானே போட்டிருக்கு?"

"வர்றதுக்கு ஆகுற நேரத்தை வச்சு ரெண்டுக்கும் போட்டுட்டாங்க. சீக்கிரம் போய்ச் சேர்ந்தா யாராவது சண்டைக்கு வருவாங்களா?"

துப்பறிவாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். காலையில் ஒரு மணி நேரம் அந்த ஆரஞ்சுத் துணிக்குழாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அது அக்கரைப் பக்கம் விரலை நீட்டி நீட்டி, காற்று இந்தப் பக்கம்தான் போகிறது என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. தூங்காத கண்ணுக்கு எதுவும் விளங்கவில்லை.

"போச்சு மாப்ளே. அவர் ப்ளேன்லதான் இருந்திருக்கார். அவர் சொன்ன காபி நிஜக் காபி. ஆனா அவர் போகல. வந்திருக்கார். ராத்திரியே அக்கரையில இருந்திருக்கார். காலையில அங்கேர்ந்து இங்க வந்திருக்கார். அதுவும் காலை விமானம்தானே, இது போயிட்டு உடனே திரும்புற ப்ளேன்தானே. போனாரா வந்தாரான்னு போலீஸ்ல யாரும் கேக்கல."

"சரி அத்தான், கேட்டுத்தான் என்ன ஆகப் போகுது? போனாலும் அவர் கடையில இல்ல, வந்தாலும் அவர் கடையில இல்ல. அவர் நிரபராதி. நாம ஒரு நிரபராதியைப் புடிச்சு உக்கார வச்சிருக்கோம். இன்ஸ்பெக்டர் நம்மளைத்தான் உள்ள போடப் போறார். லாக்கப்புல காபி குடுப்பாங்களா?"

வேலைக்காரனில்லாத வீட்டில் பாத்திரம் குவிந்த மாதிரி துப்பறிவாளரின் முகத்தில் களைப்பு குவிந்து கிடந்தது. இறங்கி ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் நெருங்கிவிடும். ஸ்டேஷன் வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள், வெறுங்கையோடு வராதீர்கள் என்று சொல்லிவிட்டு.

குடைச்சல் மிச்சமிருந்த அரைக் கப்பைச் சப்புக்கொட்டிக் குடித்தான். சட்டையைப் பார்த்தான். "அக்கா கேட்டா என்ன சொல்றது? நான்தான் உங்களுக்காக எத்தனை தடவை அக்காகிட்டப் பொய் சொல்லியிருக்கேன். ‘அத்தானை நான்தான் கொண்டுபோய் பஸ்ஸுல ஏத்தி விட்டேன்’னு. நீங்க கிளப்புல சீட்டாடிக்கிட்டிருப்பீங்க."

"இப்ப எதுக்கு அது?"

"அதில்ல அத்தான். அப்படிச் சொல்றப்பல்லாம், அக்கா உங்களைப் பத்தித்தான் துருவித் துருவிக் கேக்கும். அந்த நேரம் நான் எங்க ஊர் சுத்திக்கிட்டிருந்தேன்னு ஒரு நாளும் என்னைக் கேட்டதில்ல. ஒரே பொய்யில ரெண்டு பேரும் தப்பிச்சுடுவோம்."

சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். அவனாக நிறுத்தியது அவன் வாழ்நாளில் அது இரண்டாவது முறை.

"மாப்ளே" என்றார் துப்பறிவாளர் மெதுவாக. "முதலாளி போகல, வந்தார். அப்போ மெத்தைக்கடை மச்சான் கார்ல கொண்டுபோய் விட்டது யாரை?"

காவல் நிலையத்தில் ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, வாசலில் காவலாளியின் மனைவி. இவர்கள் உள்ளே நுழைந்தபோது அவள் இவர்களுடைய கையை மட்டும் பார்த்தாள்.

உள்ளே முதலாளி உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, சிவந்த கண். அவருடைய கண்ணுக்குக் கீழே இருந்த பைகளைப் பார்த்ததும் துப்பறிவாளருக்குத் தன்னுடையவை சின்னப் பர்சுகள் என்று தோன்றிவிட்டது. பக்கத்தில் மச்சான். சலவை மடிப்புக் கலையாத சட்டை. எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர், கையைக் கட்டிக்கொண்டு. "இவர் ப்ளேன்ல ஏறலைன்னீங்க. சொல்லுங்க, கேப்போம்."

"ஏறியிருக்கார்" என்றார் துப்பறிவாளர்.

இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார். கூரைக்கும் அலுத்துப்போயிருந்தது.

துப்பறிவாளர் முதலாளியின் எதிரே உட்கார்ந்தார். "ஐயா, காபி எப்படி இருந்துச்சு?"

"வெந்நீர் மாதிரி இருந்துச்சு. இப்ப எதுக்கு அது?"

"போறப்ப குடிச்சீங்களா, வர்றப்பவா?"

"போறப்பத்தான் சார்" என்றார் மச்சான் முந்திக்கொண்டு.

"உங்களைக் கேக்கலையே தம்பி. நீங்க ப்ளேன்லயே இல்லையே" என்றார் துப்பறிவாளர். குடைச்சல் தன் சட்டைக் கறையை இழுத்துக் காட்டினான். "இந்தக் கறை அக்கரைக்குப் போறவனுக்குக் கிடைக்காது ஐயா. அங்கேர்ந்து வர்றவனுக்குத்தான் கிடைக்கும். ப்ளேன்ல கேட்டுட்டு வந்துட்டோம்."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"என் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது" என்றார்.

"யாருங்க அக்கரையில?" என்றான் குடைச்சல், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"ச்சீ, அதெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரி." குரல் தாழ்ந்தது. "தூக்கம் வராதவங்களுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி. தலையில வயரெல்லாம் ஒட்டி, ராத்திரி பூரா படுக்க வச்சுப் பார்ப்பாங்க. மெத்தை விக்கிறவனே தூக்கம் வராம ஆஸ்பத்திரிக்கு அலையறான்னு வெளிய தெரிஞ்சா, எவன் என்கிட்ட மெத்தை வாங்குவான்? வீட்டுல கடையில படுக்கறேன்னு சொல்லிட்டுப் போனேன். இவனுக்கு மட்டும்தான் தெரியும். அன்னிக்குக் காலையில வந்து இறங்கினதும் இவன் போன் பண்றான். ‘கடை எரிஞ்சுடுச்சு அத்தான், நீங்க உள்ள படுத்திருக்கீங்கன்னு அக்கா கதறிடுச்சு, காலை ப்ளேன்ல நான்தான் ஏத்தி விட்டேன்னு சொல்லிட்டேன், நீங்க மதிய ப்ளேன்ல வந்த மாதிரி வாங்க’ன்னு. எனக்காகத்தானே சொன்னான்? மத்தியானம் வரைக்கும் ஏர்போர்ட்டுல, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தேன்."

"மத்தியானம் வரைக்குமா!" துப்பறிவாளர் உண்மையாகவே இரக்கப்பட்டார். பிறகு மச்சானிடம் திரும்பினார். "அப்போ தீப்பிடிச்ச நேரத்துல நீங்க ஏர்போர்ட் ரோட்டுல இல்ல. எங்க இருந்தீங்க?"

மச்சான் அசரவில்லை. "வீட்டுல தூங்கிட்டிருந்தேன் சார். பொய் சொன்னது தப்புதான். அத்தான் மானம் போயிடக் கூடாதேன்னு சொன்னேன். நீங்களும் ஒரு மச்சானோடதானே சுத்தறீங்க? உங்க மச்சான் உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டாரா?"

"தினமும் சொல்வேன்" என்றான் குடைச்சல். "ஆனா கடைச் சாவி எங்கிட்ட கிடையாது."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வீட்டுல தூங்கினேங்கிறார். இல்லேன்னு நிரூபிக்க என்ன இருக்கு? கடை பூரா சாம்பல். எதுக்காகச் செய்யணும் இவர்? வேன் வந்தாச்சு சார். நான் காவலாளியைக் கோர்ட்டுக்கு அனுப்பித்தான் ஆகணும்."

வாசலில் காவலாளியின் மனைவி எழுந்து நிற்பது தெரிந்தது. துப்பறிவாளர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்றே இன்ஸ்பெக்டர் நினைத்தார். மூடிய கண்ணோடு ஒரு கேள்வி வந்தது.

"ஐயா, ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"அதுதான் சார் கூத்து. நோயே இல்லேங்கிறாங்க. அங்க படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேனாம். வீட்டுக்கு வந்து படுத்தா பொட்டுத் தூக்கம் இல்ல. முதுகுல ஏதோ குத்துது, இடுப்புல ஏதோ இடிக்குது."

"வீட்டுல எந்த மெத்தை?"

"நம்ம கடை மெத்தைதான். இவன் எனக்குன்னு தனியா, ஸ்பெஷலாத் தைச்சுக் குடுத்தது."

மச்சானின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து, மேஜைக்கு அடியில் உருண்டு ஓடியது. அதைக் குனிந்து எடுக்க யாரும் போகவில்லை.

"இன்ஸ்பெக்டர்" என்றார் துப்பறிவாளர், கண்ணைத் திறந்து. "எரியாம ஒரு மெத்தை பாக்கி இருக்கு. வேனை அரை மணி நிறுத்தி வையுங்க."

மெத்தை போலீஸ் ஜீப்பின் தலையில் சவாரி செய்துகொண்டு, ஊர் பார்க்க வந்து இறங்கியது. கூடவே முதலாளியின் மனைவியும் வந்து இறங்கினார், என்ன நடக்கிறது என்று யாராவது சொல்லித் தொலையுங்கள் என்ற முகத்தோடு. நான்கு போலீஸ்காரர்கள் மெத்தையைத் தரையில் போட்டார்கள். ‘டங்’ என்று ஒரு சத்தம். பஞ்சு மெத்தைக்கு அந்தச் சத்தம் அழகல்ல.

இன்ஸ்பெக்டர் கத்தியால் ஒரு கோடு கிழித்தார். மேலாக ஒரு விரற்கடை பஞ்சு. அதற்குக் கீழே சாக்குத் துண்டுகள் வந்தன, அட்டைப்பெட்டிகள் வந்தன, யார் யாரோ போட்டுப் பழசான பனியன்கள் வந்தன, உடைந்த குடைக் கம்பி ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக ஓர் ஒற்றைச் செருப்பு.

"இதோட ஜோடி விடுதிக்காரர் மெத்தையில இருந்திருக்கும்" என்றான் குடைச்சல்.

முதலாளி செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். இரண்டு வருடமாக அவர் தலைமாட்டில் கிடந்த செருப்பு. "விடுதிக்காரர் திருப்பி அனுப்பினதை எல்லாம் இந்த வாரம் கிழிச்சுப் பார்க்கணும்னு உங்கிட்டத்தானேடா சொன்னேன்."

"அதனாலதான் அத்தான்…" என்று ஆரம்பித்த மச்சான், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார். சாவியைத் தானாகவே எடுத்து மேஜைமேல் வைத்தார். வெள்ளைச் சட்டையின் சலவை மடிப்பு அப்போதும் கலையவில்லை. ஆள்தான் கலைந்திருந்தார்.

லாக்கப் கதவு திறந்தது. காவலாளி வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், கூச்சத்தோடு வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தார். மனைவி ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்கவில்லை, அழவும் இல்லை. அவருடைய சட்டைக் காலரைத் திருப்பிவிட்டாள். "சாப்டீங்களா?" என்றாள்.

காவலாளி முதலாளியைப் பார்த்தார். "ஐயா, ராத்திரிக்கு டியூட்டிக்கு வந்துடவா?"

"எதுக்குய்யா? காவல் காக்கக் கடையே இல்லையே."

காவலாளி இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அப்போ இன்னிக்கு ராத்திரி நான் தூங்கலாமாங்கய்யா?"

சரியாக அந்த நேரத்தில் துப்பறிவாளர், மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த கொட்டாவியை மொத்தமாக அவிழ்த்து விட்டார். தாடை கழன்று விழாதது ஆச்சரியம். அது இன்ஸ்பெக்டரைப் பிடித்தது. இன்ஸ்பெக்டரிடமிருந்து நான்கு போலீஸ்காரர்களுக்கும் வரிசையாகப் போனது. காவலாளியிடம் போனது, கையால் வாயைப் பொத்திக்கொண்ட அவர் மனைவியிடம் போனது, வெளியே வேன் டிரைவரிடம் போனது. வாழ்நாளில் முதல் தடவையாகக் குடைச்சலின் வாய், பேச்சுக்கும் காபிக்கும் அல்லாமல் வேறு காரியத்துக்காகத் திறந்தது.

கடைசியாக அது பெஞ்சில், கிழிந்த மெத்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த முதலாளியிடம் வந்து சேர்ந்தது. அவர் திடுக்கிட்டு வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வந்துடுச்சு" என்றார் மனைவியிடம், கண்ணில் நீர் தளும்ப. "இந்தக் கரையிலயே வந்துடுச்சு."

அந்தக் கொட்டாவி தெருக்கோடி நாயைப் போய்ச் சேருவதற்குள், அந்த வெறும் மரப் பெஞ்சில் இந்தக் கோடியில் முதலாளியும் அந்தக் கோடியில் துப்பறிவாளரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.